முதலூருக்கு ஏன் அந்தப் பெயர்?

தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் தென்பகுதியில் பஸ்ஸில் போனால் ஜன்னலோரம் வரிசையாக வரும் ஊர்ப்பெயர்கள் வெளியூர்க்காரரைத் திகைக்க வைக்கும். நாசரேத், மெஞ்ஞானபுரம், ஆனந்தபுரம், சுவிசேஷபுரம், பிரகாசபுரம், சாயர்புரம், டோனாவூர். பைபிளில் பாதி, வெள்ளைக்காரர் பெயரில் கொஞ்சம், மீதி அருள், ஆனந்தம், ஞானம். இவற்றுக்கு நடுவே சாத்தான்குளத்துக்குப் பக்கத்தில் முதலூர் என்று ஒரு பெயர். கேட்டால் சாதாரணத் தமிழ்ப் பெயர்தான். ஆனால் மற்ற பெயர்களெல்லாம் இந்தப் பெயருக்குப் பின்னால் வந்தவை.

எதற்கு முதல்? இந்தப் பக்கத்தில் கிறிஸ்தவர்கள் குடியேறுவதற்கென்றே நிலம் வாங்கி உண்டாக்கிய முதல் ஊர். ஆண்டு 1799. வெளியில் இன்று முதலூர் என்றால் மஸ்கோத் அல்வாதான் நினைவுக்கு வரும். தேங்காய்ப்பால் ஊற்றிக் கிண்டும் அந்த அல்வாவுக்கும் சபைக்கும் ஒரு தூரத்து உறவு உண்டு. அது பிறகு.

இந்த ஊரின் சபை வரலாற்றைப் பொதுவாக மிஷனெரிகளின் வாழ்க்கை வரலாறாகவே சொல்வது வழக்கம். யார் வந்தார், எந்த ஆண்டு வந்தார், எத்தனை பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். எனக்கு அதைவிட நிலம்தான் முக்கியமாகப் படுகிறது. தேரிக்காட்டில், அதாவது செம்மணல் மேட்டு நிலத்தில், ஒரு சபை பிறக்க வேண்டுமென்றால் முதலில் ஏன் ஊர் பிறக்க வேண்டியிருந்தது? பாளையங்கோட்டையில் அந்தத் தேவை இருக்கவில்லையே!

பாளையங்கோட்டையில் தொடங்கிய விதமே வேறு. தஞ்சாவூர்ப் பக்கத்து மராத்தியப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, இளம் வயதில் கணவனை இழந்து, ஆங்கிலப் படை அதிகாரி ஒருவரோடு பாளையங்கோட்டைக்கு வந்த பெண் கிளாரிந்தா. ஞானஸ்நானம் கேட்டபோது தஞ்சாவூர் மிஷனெரி ஸ்வார்ட்ஸ் மறுத்துவிட்டார். முறையான திருமணம் இல்லாமல் அந்த அதிகாரியோடு வாழ்கிறார் என்பது காரணம். அதிகாரி இறந்த பிறகு, 1778-இல் அதே ஸ்வார்ட்ஸ் பாளையங்கோட்டைக்கு வந்து ஞானஸ்நானம் கொடுத்தார். 1780-இல் எழுதிய சபைப் பதிவேட்டில் 40 பெயர்கள் இருக்கின்றன. முதல் பெயர் கிளாரிந்தா. அடுத்து அவர் எடுத்து வளர்த்த மகன், பிறகு வீட்டு வேலைக்காரப் பெண். அந்த நாற்பது பேரில் பல சாதியாரும் உண்டு. கோட்டையை ஒட்டிய ஊரில் படைவீரர், வேலைக்காரர், வியாபாரி என்று பலதரப்பட்டவர்கள் பிழைத்ததால் சபையும் அப்படி அமைந்தது. 1785-இல் ஸ்வார்ட்ஸ் பிரதிஷ்டை செய்த சிறு கோயிலுக்குப் பெரும்பகுதிச் செலவு கிளாரிந்தாவுடையது. கட்டியவரின் பிறப்பை வைத்து ‘பாப்பாத்தியம்மாள் கோயில்’ என்றே ஊரில் பெயர்.

தஞ்சாவூருக்குச் சொல்லி அனுப்பி உபதேசியார் வேண்டுமென்று கேட்டவரும் கிளாரிந்தாதான். அப்படி வந்தவர் சத்தியநாதன். 1790 டிசம்பர் 26-இல் தஞ்சாவூரில் குருப்பட்டம் பெற்று மறுபடி இந்தப் பக்கமே வந்தார். அவருக்குத் துணையாக வந்த இளைஞர் தாவீது சுந்தரானந்தம். சாத்தான்குளத்துக்கு அருகே காலங்குடிக்காரர். பனையேறும் சமூகத்தில் பிறந்து, வீட்டைவிட்டு ஓடி, தஞ்சாவூரில் கிறிஸ்தவராகித் திரும்பியவர். இங்கேதான் சபையின் பாதை கோட்டையை விட்டு இறங்கிச் செம்மண் தேரிக்குள் போகிறது.

தேரி வேறு உலகம். காற்று அடிக்கும் பக்கமெல்லாம் மணல் நகரும் நிலம். நெல் கிடையாது, வாழ்வது பனையை நம்பி. பங்குனி பிறந்தால் ஆவணி வரை பனையேறி முருக்குத் தடியும் பாளை அரிவாளுமாய் விடியுமுன்னே மரத்தில் இருப்பார். ஒரு நாளில் காலையும் மாலையும் அதே மரங்களை மறுபடி ஏற வேண்டும். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் சொட்டிய பதநீரைப் பெண்கள் விடிலி என்ற ஓலைக் குடிசையில் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டி ஆக்குவார்கள். மழைக்காலத்தில் வருமானம் நின்றுவிடும். அப்போது வாங்கும் கடன் அடுத்த பங்குனியில்தான் அடையும், சில குடும்பங்களில் அடையாமலே அடுத்த தலைமுறைக்குப் போகும்.

ஏறுகிறவருக்கு மரம் சொந்தமில்லை. குடியிருக்கும் மண்ணும் பெரும்பாலும் சொந்தமில்லை. நிலமும் மரமும் மேல்தட்டுக் குடும்பங்களின் கையில். இதில் பலரும் மறந்துவிடும் ஒன்று, அந்த நிலக்காரர்களில் பலர் அதே சமூகத்தவர்கள். ‘நாடான்’ என்ற பட்டம் அன்று நிலமும் வரி வசூலும் வைத்திருந்த அந்தக் குடும்பங்களுக்கே உரியது. அவர்கள் மரம் ஏறுவதில்லை. ஏறுகிறவர்களை அரசு ஆவணங்கள் வேறு பெயரில் எழுதின. இன்று எல்லாருக்கும் நாடார் என்பது பொதுப்பெயராகிவிட்டதால் அந்தப் பழைய பிளவு கண்ணுக்குப் படுவதில்லை.

இப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் மதம் மாறுவது அவருடைய சொந்த நம்பிக்கையோடு முடிகிற காரியமா? அம்மன் கோயில் கொடைக்கு, அதாவது திருவிழாவுக்கு, வரி கொடுக்க வேண்டும். கொடையில் செய்ய வேண்டிய வேலைகள் குடும்பத்துக்குக் குடும்பம் பிரிந்திருக்கும். ஒருவர் ‘இனி நான் கொடை வரி கொடுக்க மாட்டேன், கும்பிட வர மாட்டேன்’ என்றால் ஊர்க்கணக்கில் ஓட்டை விழுகிறது, நிலக்காரரின் அதிகாரத்திலும் ஓட்டை விழுகிறது. பதிலடி கொடுப்பதும் எளிது. இந்த வருஷம் உனக்கு மரம் கிடையாது, என் மண்ணில் குடிசை போடாதே. அவ்வளவுதான். யாரும் கைநீட்டி அடிக்கக்கூடத் தேவையில்லை. அடித்ததும் நடந்தது.

1797-இல் சண்முகபுரத்தில் சில குடும்பங்கள் ஞானஸ்நானம் பெற்றன. அதைத் தொடர்ந்து விஜயராமபுரத்திலும் சிலர் சேர்ந்தார்கள். எதிர்ப்பு கிளம்பியது. ஜெபவீடு நிலைக்கவில்லை, குடும்பங்கள் விரட்டப்பட்டன. தாவீது சுந்தரானந்தம் எடுத்த முடிவு நடைமுறை அறிந்தவரின் முடிவு. அடுத்தவன் மண்ணில் நின்று ஜெபம் செய்ய முடியாது என்றால் சொந்த மண் வேண்டும். ஆங்கிலப் படை அதிகாரி ஒருவரின் பண உதவியோடு ஒரு நிலத்துண்டை வாங்கி, விரட்டப்பட்டவர்களை அங்கே குடியமர்த்தினார். 28 பேர். ஊருக்கு வைத்த பெயர் முதலூர். அடுத்தடுத்து ஊர்கள் வரும் என்ற எதிர்பார்ப்பு அந்தப் பெயரிலேயே இருக்கிறது. 28 பேரை வைத்துக்கொண்டு ‘இது முதல்’ என்று பெயர் வைக்க ஒரு தைரியம் வேண்டும்.

அந்த ஆண்டைக் கவனிக்க வேண்டும். 1799 செப்டம்பரில் கிழக்கிந்தியக் கம்பெனித் தளபதி பானர்மேனின் படை பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கியது. அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801-இல் பாளையக்காரர் எழுச்சி முழுதாக ஒடுக்கப்பட்டு, ஆற்காட்டு நவாபின் கையிலிருந்த இந்தப் பகுதியின் ஆட்சி கம்பெனி கைக்குப் போனது. பழைய அதிகாரம் சரிந்து புதியது இன்னும் வேர் பிடிக்காத இடைவெளியில்தான் முதலூர் முளைத்தது. இதை வைத்து ‘கம்பெனி ஆள்சேர்த்த சபை’ என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. நிலத்துக்குப் பணம் கொடுத்தது ஓர் அதிகாரி என்பது உண்மை. ஆனால் உள்ளூர்த் தகராறுகளில் கம்பெனியின் கீழ்நிலை அலுவலர்கள் நிலக்காரர் பக்கமே சாய்ந்தார்கள். முதலூரைக் காக்கத் தாவீது சுந்தரானந்தம் தம் ஆட்களையே திரட்டித் ‘தடிக்கம்புக்காரர்’ என்று ஒரு காவல் கூட்டம் வைக்க வேண்டி வந்தது. அரசாங்கத்தின் நிழல் அவ்வளவு பெரிதாக இருந்திருந்தால் தடிக்கம்பு எதற்கு?

அடுத்து நடந்தது வேகம். சென்னையிலிருந்து வந்த கெரிக்கே என்ற மிஷனெரி 1802 கடைசியில் இந்தப் பக்கம் சுற்றியபோது கிராமம் கிராமமாக மக்கள் ஞானஸ்நானத்துக்குக் காத்திருந்தார்கள். அவர் கொடுத்தது சுமார் 1,300 பேருக்கு. அவர் திரும்பிய பிறகு சத்தியநாதன் கொடுத்தது அதைப்போல இரு மடங்கு. நாசரேத் குடியேற்றமும் அந்தச் சமயத்தில் வந்ததுதான். சாண்பத்து என்ற பழைய பெயர் மறைந்து நாசரேத் என்ற பெயர் நிலைத்தது.

ஏறிய வேகத்திலேயே இறங்கவும் செய்தது. கெரிக்கே 1803-இல் இறந்தார். தாவீது சுந்தரானந்தம் 1806-ஐ ஒட்டி இறந்தார், நஞ்சு வைத்துக் கொன்றார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 1811-இல் கொள்ளைக் காய்ச்சல் வந்து ஊர் ஊராகச் சாய்த்தபோது பலர் பழைய தெய்வங்களிடமே திரும்பிப் போனார்கள். புதிய சாமி காப்பாற்றவில்லை, பழைய சாமி கோபித்துக்கொண்டது என்று நினைத்திருப்பார்கள். இதைக் குறையாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆயிரக்கணக்கில் வந்தவர்களுக்குப் படிப்புச் சொல்ல ஆளில்லை, பல ஊர்களில் உபதேசியார்கூட இல்லை.

1816-இல் படைக் குருவாகப் பாளையங்கோட்டைக்கு வந்த ஜேம்ஸ் ஹஃப் கணக்கெடுத்தபோது அறுபதுக்கு மேற்பட்ட இடங்களில் சுமார் 3,100 கிறிஸ்தவர்கள் மிஞ்சியிருந்தார்கள். அதிலும் ஊர் முழுக்கக் கிறிஸ்தவர்களாக நின்ற இடங்கள் இரண்டு, முதலூரும் நாசரேத்தும். என் கணக்கில் இந்தச் சபையின் வரலாற்றில் மிக முக்கியமான தகவல் இதுதான். மேய்ப்பரில்லாத பத்தாண்டுகளில் அடுத்தவர் மண்ணில் இருந்த சபைகள் பலவும் கரைந்தன. சொந்த மண்ணில் இருந்தவை நின்றன. தாவீது சுந்தரானந்தத்தின் நிலக்கணக்கு சரியாகவே இருந்திருக்கிறது.

1820-இல் வந்த மிஷனெரி ரேனியஸ் இதைப் புரிந்துகொண்டார். 1830-ஐ ஒட்டி அவர் தொடங்கிய தர்ம சங்கத்தின் வேலையே நிலம் வாங்கிக் கிறிஸ்தவக் குடியிருப்பு அமைப்பது. காணிக்கை, நன்கொடை என்று சேர்ந்த பணத்தில் துண்டு துண்டாக வாங்கினார்கள். கொடுத்தவர் பெயரும் ஊராயிற்று. ஜெர்மனியிலிருந்து டோனா பிரபு அனுப்பிய பணத்தில் புலியூர்க்குறிச்சியில் வாங்கிய இடம் டோனாவூர். சாயர் என்ற வியாபாரி உதவியில் உருவானது சாயர்புரம். நெடுவிளைக்கு மெஞ்ஞானபுரம் என்று பெயர். முதலூர் போட்ட அச்சில்தான் இத்தனை ஊர்களும் வார்க்கப்பட்டன.

எஸ்.பி.ஜி., சி.எம்.எஸ். என்ற இரண்டு ஆங்கிலேய மிஷன் சங்கங்களின் எல்லைப்பிரிவையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். முதலூர், நாசரேத், இடையன்குடி ஆகியவை எஸ்.பி.ஜி. ஊர்கள், பாளையங்கோட்டை, மெஞ்ஞானபுரம், டோனாவூர் சி.எம்.எஸ். ஊர்கள். 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாகி எல்லாம் ஒன்றான பிறகும் பெரியவர்கள் பேச்சில் ‘அது எஸ்.பி.ஜி. ஊர்ல்லா’ என்பது போகவில்லை.

ஊரும் சபையும் ஒன்றாகிவிட்டால் என்ன ஆகும்? கோயில் மணிதான் கடிகாரம். பனையேறப் போகுமுன் ஒரு ஜெபம், இறங்கிய பிறகு ஒன்று. உபதேசியாரே பள்ளிக்கூட வாத்தியார். கோயிலே பல இடங்களில் பள்ளிக்கூடம். கல்யாணம் முதல் வேலித் தகராறு வரை விசாரிக்கும் இடமும் சபைதான். 1841-இல் இடையன்குடிக்கு வந்த மிஷனெரி கால்டுவெல் தெருக்களை நேர்கோட்டில் இழுத்து, கிணறு வெட்டி, ஊரையே திருத்தி அமைத்தார். நிலம் மிஷன் கையில் இருந்ததால்தான் அவரால் அப்படி ஒரு ஊரை நூல் பிடித்ததுபோல் மாற்ற முடிந்தது. நிலக்காரர் பிடியிலிருந்து தப்பியவர்களுக்கு வெள்ளைக்கார ஐயர், அதாவது பாதிரியார், புதிய நிலக்காரரானார் என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். ஆனால் சபை ஒழுங்கை மீறினால் குடியிருப்பை விட்டு வெளியேற வேண்டும் என்ற பயம் உள்ளே இருந்தது.

அந்த உரசல் வெடித்த இடம் நாசரேத் வட்டாரம். சட்டம்பிள்ளை என்று அறியப்பட்ட அருமைநாயகம் நாசரேத் மிஷனில் வேலை பார்த்தவர், வேத அறிவில் பெரிய ஆள். அங்கிருந்த மிஷனெரியோடு மோதல். அதற்கு முன்பே, 1849-இல், கால்டுவெல் பனையேறும் சமூகத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட சிறு நூல் இவர்களை எரிச்சலூட்டியிருந்தது. சமூகத்தை அறியாமையில் கிடப்பவர்களாக அது சித்திரித்தது. 1857-இல் அருமைநாயகமும் ஆதரவாளர்களும் பிரிந்து பிரகாசபுரத்தில் தனிச் சபை கண்டார்கள். ஏக இரட்சகர் சபை, இந்துக் கிறிஸ்தவ சபை என்றெல்லாம் அதைச் சொல்வார்கள். வெள்ளைக்காரப் பணமும் வேண்டாம், வெள்ளைக்கார ஐயரும் வேண்டாம். ஓய்வுநாள் ஞாயிறு இல்லை, சனி. யூத முறைகளும் நம்மூர் முறைகளும் கலந்த வழிபாடு. இந்தியாவில் மிஷனெரிகளை விட்டு விலகி நின்ற ஆரம்பகாலச் சபைகளில் இது ஒன்று. ஏதோ விசித்திரக் கூட்டம் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அது முதலூரின் தர்க்கத்தையே இன்னொரு படி கொண்டுபோனதாகத் தெரிகிறது. நிலக்காரனிடமிருந்து விடுபட மண் வாங்கினார்கள். மண் வாங்கிக் கொடுத்தவரிடமிருந்து விடுபட அடுத்த தலைமுறை கோயிலையே தனியாகக் கட்டியது.

இன்னொரு விளைவு, இன்றுவரை தீராதது. பாளையங்கோட்டைப் பதிவேட்டின் நாற்பது பெயர்களில் இருந்த கலப்பு தேரி ஊர்களில் இல்லை. முதலூரில் கூடியவர்கள் ஏறக்குறைய எல்லாருமே ஒரே சமூகம். துரத்தப்பட்டவர்கள் சொந்தபந்தத்தோடு ஓடி வந்து சேர்ந்த இடம் என்பதால் அப்படி ஆனது. யாரும் திட்டமிட்டு மற்றவரை விலக்கவில்லை என்று சொல்லிச் சமாதானப்படலாம். ஆனால் ஊரே சபை என்றால் சபையே சாதி என்பதும் கூடவே வந்துவிடுகிறது. மற்ற சமூகத்திலிருந்து கிறிஸ்தவரானவர்கள் தனித் தெருவில், தனிக் கோயிலில் கூடும் நிலை இந்த மாவட்டங்களில் பல இடங்களில் உண்டு. அடைக்கலமாக எழுப்பிய வேலி உள்ளே இருப்பவருக்கு ஒரு மாதிரியும் வெளியே நிற்பவருக்கு வேறு மாதிரியும் தெரியும்.

1876 முதல் 1878 வரை வந்த தாது வருஷப் பஞ்சத்தின்போதும் அதை ஒட்டியும் பல ஆயிரம் பேர் சபைகளில் சேர்ந்தார்கள். நாசரேத்தில் மிஷனெரி மர்காஷிஸ் அனாதை இல்லம், மருத்துவமனை, கைத்தொழில் பள்ளி என்று விரித்தார். முதலூரில் தூய மிகாவேல் பெயரில் இப்போதிருக்கும் பெரிய ஆலயம் எழும்பியது. அதன் கோபுரம் பனைகளுக்கு மேலே வெகு தூரத்திலேயே தெரியும். சுற்றிலும் மணல்மேடும் முள்ளும், நடுவில் விலாயத்துக் கோபுரம். முதல்முறை பார்க்கிறவர்கள் பஸ்ஸிலேயே எழுந்து நின்று பார்ப்பதைக் கண்டிருக்கிறேன்.

பள்ளிக்கூடம் பனையை வென்றது. இரண்டு தலைமுறையில் பனையேறியின் பேரன் வாத்தியாரானார், அடுத்தவர் கொழும்பில் கடை வைத்தார், அதற்கடுத்தவர் சென்னையிலோ பம்பாயிலோ. மஸ்கோத் அல்வாவும் இலங்கை போய்வந்தவர்கள் கொண்டுவந்த பண்டம் என்கிறார்கள். இலங்கையில் இன்றும் மஸ்கட் என்ற இனிப்பு உண்டு. நெய்க்குப் பதிலாகத் தேங்காய்ப்பாலிலேயே எண்ணெய் பிரியும்வரை கிண்டுவது முதலூர்ப் பக்குவம். மரத்தையும் மண்ணையும் விட்டு வெளியே போக முடிந்த ஒரு சபையின் ருசி அது.

இன்று முதலூர் தென்னிந்தியத் திருச்சபையின் தூத்துக்குடி - நாசரேத் திருமண்டலத்தில், அதாவது ஒரு பேராயரின் கீழ் வரும் பகுதியில், இருக்கிறது. அந்தத் திருமண்டலம் 2003-இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது. பூட்டிய வீடுகள் நிறைய. மிகாவேல் திருநாளான செப்டம்பர் 29-ஐ ஒட்டி வெளியூர்க்காரர்கள் வந்து இறங்குவார்கள்.

இந்தப் பக்கத்து அசனப் பண்டிகையைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘அசனம்’ என்றால் சாப்பாடு. கோயில் வளாகத்தில் வரிசையாக அடுப்பு வெட்டி, ஆள் உள்ளே இறங்கி நிற்கும் அளவு பெரிய பாத்திரங்களில் பொங்குவார்கள். அரிசி ஒரு வீடு, ஆடு ஒரு வீடு, விறகு ஒரு வீடு என்று நேர்ந்துகொண்டது வந்து சேரும். கரண்டிக்குப் பதில் மண்வெட்டியால் சோறு அள்ளும் ஊர்களும் உண்டு. பண்டிகைக் காணிக்கை ஏலத்தில் ஒரு சேவலோ ஒரு கொட்டான் கருப்பட்டியோ கடைவிலையைப்போலப் பல மடங்குக்குப் போகும். எடுத்தவரே திருப்பிக் கோயிலுக்குக் கொடுத்து மறுபடி ஏலம் விடச் சொல்வார். கொடை வரி கொடுக்க மாட்டோம் என்று சொல்லி வெளியேறியவர்களின் பேரப்பிள்ளைகள், பெயர் சொல்லி வரவு எழுதும் அதே மேஜைக்கு முன் வரிசையில் நிற்கிறார்கள்.

திருமண்டலத் தேர்தல் வரும்போது போஸ்டரும் அணியும் வழக்குமாக ஊர்கள் சூடாகிவிடும். ஆண்டவர் பெயரால் இப்படியா என்று வெளியில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, வேலை நியமனம், இவற்றுக்கெல்லாம் அடியில் பரந்து கிடக்கும் நிலம், இத்தனையும் அந்தத் தேர்தலில் வெல்கிறவர் நிர்வாகத்துக்குள் வருகிறது. தடிக்கம்புக்காரர் காவல் நின்ற அந்தத் துண்டு நிலமும் அதில் ஒரு பட்டாதான்.